கல்லின்ர ஊரைக் கண்டுபிடிச்சுத் தந்த அண்ணைக்கு

கிளிநொச்சியில எங்கட பள்ளிக்கூடக் கனிமப் பெட்டியைப் பார்த்துத் தந்து, பேர் சொல்லாமலே போன அண்ணை, மனமார்ந்த நன்றி.

"பெரிடோட், மன்னார்" எண்டு சீட்டு ஒட்டின கபில நிறக் கல். பெரிடோட் எண்டது ஒரு இரத்தினக்கல் வகை. காற்றில 5.22 கிராம், தண்ணிக்குள்ள 3.72. வித்தியாசம் 1.50. 5.22ஐ அதால வகுத்தா சாரடர்த்தி, அதாவது தண்ணியை விட எத்தினை மடங்கு அடர்த்தி எண்ட எண், 3.48. பெரிடோட்டுக்கு 3.34 அளவுதான் வரும். ஆக இது சின்ஹலைற். 1952 வரைக்கும் கபிலப் பெரிடோட் எண்டே நம்பப்பட்ட கனிமம். காற்றுக்குமிழ் ஒட்டினா எண் குறைஞ்சு காட்டும் எண்டு, நூலையும் கல்லையும் சவர்க்காரத் தண்ணியில நனைச்சுத் தொங்கவிட்டீங்கள்.

சீட்டைக் கிழிக்காமல் ஈரப்பஞ்சு வைச்சு இளக்கினா, அடியில மங்கின பென்சில் எழுத்து: "இறக்குவானை". அது இரத்தினபுரி மாவட்டத்து ஊர். தேய்ஞ்ச விளிம்பும் குழிக்குள்ள கிடந்த மஞ்சள் களியும் இரத்தினபுரிப் பக்கத்து "இல்லம்" எண்ட, இரத்தினக்கல் கிடைக்கிற சரளைப் படையில இருந்து வந்த கல்லெண்டதுக்குப் பொருந்துது. அந்தக் களியைக் கழுவாதேங்கோ எண்டு தடுத்தீங்களே, அதுக்குத் தனியா ஒரு நன்றி அண்ணை.