ஐந்து உறை விளையாட்டு: பெற்றோருக்குச் சில குறிப்புகள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நாளாகக் காகித உறைகளை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன பாடு படுத்துகிறார்கள் என்பது பள்ளிக்கு வரும் அழைப்புகளிலிருந்தே தெரிகிறது. "டீச்சர், விடையை மட்டும் சொல்லிடுங்க, இவன் தூங்கவே மாட்டேங்கிறான்" என்றார் ஓர் அம்மா. ஓர் அப்பா விடையே கேட்கவில்லை. தான் கண்டுபிடித்தது சரியா என்று மட்டும் கேட்டார். பையன் தூங்கின பிறகு உட்கார்ந்து போட்டாராம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மொத்தம் ஐந்து உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. அதைப் படித்து வகுப்பாசிரியரிடம் சொன்னால் அடுத்த உறை கைக்கு வரும். மதிப்பெண் கிடையாது, பரிசும் கிடையாது. தாள்களை எங்கள் தமிழாசிரியரும் கணக்கு ஆசிரியரும் உட்கார்ந்து எழுதினார்கள். அதனால் போனில் தேடிப் பயனில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் பல பேர் எனக்குப் போன் செய்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும்!

விடையை எழுதி அனுப்ப எனக்கு ஐந்து நிமிடம் போதும். அப்படி அனுப்பினால் பிள்ளைக்கு மிஞ்சுவது ஐந்து கிழிந்த உறை. அதனால் குறிப்புகளை மட்டும் படிப்படியாகத் தருகிறேன். ஒரு படியைச் சொன்னதும் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுங்கள். பக்கத்திலேயே நின்றால் பிள்ளை தாளைப் பார்க்காது, உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். விரல் வைத்து இடத்தைக் காட்டாதீர்கள். எந்தக் குறிப்பும் கொடுக்கும் முன் "இதுவரைக்கும் என்னென்ன செய்து பார்த்தே?" என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே பாதிப் பிள்ளைகள் "இருங்க, இருங்க" என்று ஓடிவிடுவார்கள். வகுப்பில் தினமும் பார்க்கிறோம்.

இருப்பதிலேயே எளிது முதல் உறை. எட்டு வரியில் ஒரு மழைப் பாட்டு. முதல் படியாக, பாட்டைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று இடத்தில் ஒரு சொல் வலிந்து வந்து உட்கார்ந்திருப்பது காதுக்கே தெரியும். எழுதியவருக்கு அந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது? அடுத்த படி, வரிகள் எங்கே முறிகின்றன என்று கவனிக்கச் சொல்வது. இதற்குள் பெரும்பாலான பிள்ளைகள் வரிகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்திருப்பார்கள். ஒன்றும் தேறாததால் வழியே தப்பு என்று விட்டிருப்பார்கள். மூன்றாம் படி அவர்களுக்காக: புள்ளி வைத்த எழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. ம், ல், ன் எல்லாம் வேண்டுமென்றால் ஒளிப்பவர் வேறு ஓரத்துக்குத்தான் போயாக வேண்டும். பாட்டுக்குள் எழுத்தோடு விளையாடுவது நமக்குப் புதிதில்லை. பாம்பின் உருவத்துக்குள்ளும் தேரின் உருவத்துக்குள்ளும் செய்யுளை அடக்கிய சித்திரகவிகளே உண்டு.

துளை போட்ட சதுர அட்டை ஒன்றும், கட்டம் கட்டமாக எழுத்து நிரப்பிய தாள் ஒன்றும் இரண்டாவது உறையில் இருக்கும். அட்டையைத் தாளின் மேல் வைத்தால் துளைகள் வழியாகச் சில எழுத்துகள் தெரியும். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணித அறிஞர் கார்தானோ சொன்ன வழி இது. முதலில் கேட்க வேண்டியது: "இந்த அட்டையை எத்தனை விதமாக வைக்கலாம்?" நாலு பக்கமும் திருப்பலாம். கவிழ்த்துப் போட்டு இன்னும் நாலு. ஆக எட்டு. எட்டையும் பொறுமையாகப் பார்த்தால் ஒன்றில் மட்டும் ஒரு சொல் ஒழுங்காகத் தொடங்கும். அதைப் பிடித்த பிள்ளைகளும் ஒன்பது எழுத்தோடு நின்றுவிடுகிறார்கள், செய்தி பாதியில் அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு. அவர்களிடம் துளைகளையும் கட்டங்களையும் எண்ணச் சொல்லுங்கள். ஒன்பது துளை, முப்பத்தாறு கட்டம். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு இதற்கு மேல் குறிப்பு வேண்டாம்.

போன வாரம் வந்த அழைப்புகளில் முக்கால்வாசி மூன்றாவது உறைக்காகத்தான். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். உறைகளைக் கொடுப்பதற்கு முன்னால் என்னையும் உட்காரவைத்துச் சோதித்தார்கள். இந்த உறையில் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன்.

தாளில் நாலே சொற்கள். ஒன்றுக்கும் பொருள் கிடையாது. எழுத்துகளை வரிசையில் இத்தனை இடம் என்று தள்ளி எழுதியிருக்கிறது. ஜூலியஸ் சீசர் தன் கடிதங்களில் ஒவ்வோர் எழுத்தையும் மூன்று இடம் தள்ளி எழுதியதாக அவருடைய வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் சொல்கிறார். அவருக்கு ஒரே வரிசையில் இருபது சொச்சம் எழுத்து. நமக்கோ 247. அத்தனையையும் ஒரே வரிசையில் நிறுத்தித் தள்ளினால் வாயில் நுழையாத ஏதோ ஒன்றுதான் வரும். அதனால் எங்கள் ஆசிரியர்கள் பதினெட்டு மெய்களை மட்டும் தள்ளியிருக்கிறார்கள். கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். கடல் என்ற சொல்லை ஓர் இடம் தள்ளினால் ஙணவ். க இருந்த இடத்தில் ங, ட இருந்த இடத்தில் ண, ல் இருந்த இடத்தில் வ். உறையில் இருப்பது ஓர் இடத் தள்ளல் இல்லை. அதையாவது சொல்லிவிடுகிறேன்.

இந்த விவரத்தையெல்லாம் பிள்ளையிடம் கொட்டிவிடாதீர்கள். "இந்தத் தாளில் எது விநோதமாக இருக்கிறது, எது இயல்பாக இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். புள்ளிகளும் கொம்புகளும் வழக்கமான இடத்தில்தான் இருக்கின்றன, அவற்றைத் தாங்கும் எழுத்துதான் தப்பாக இருக்கிறது என்று பிள்ளையே கண்டுபிடிப்பது முதல் படி. அப்புறம் இரண்டு நீளக் காகிதத் துண்டுகளில் க முதல் ன வரை எழுதி, ஒன்றின் கீழ் ஒன்றை வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். ன முடிந்தால் மறுபடி க. அதிகம் போனால் பதினேழு முயற்சி. பொறுமையுள்ள பிள்ளை இந்த இரண்டாம் படியிலேயே முடித்துவிடும்.

பொறுமை இல்லாத பிள்ளைக்கு (என்னையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்) இன்னொரு வழி இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். உறையின் முதல் சொல் வல்ரு. இதில் ல் என்பது மெய் வரிசையில் ர-வுக்கு அடுத்த எழுத்து. இப்போது நம் சொற்களில் சேர்ந்தே வரும் ஜோடிகளை நினைத்துப் பாருங்கள்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. ஒவ்வொன்றிலும் முதலில் நிற்கும் மெல்லினம், வரிசையில் தன் வல்லினத்துக்கு அடுத்த எழுத்துதான். எத்தனை இடம் தள்ளினாலும் இரண்டும் சேர்ந்தே நகரும். நடுவில் உள்ள தூரம் மாறாது. ஆகவே ல்ரு என்பது இந்த ஆறு ஜோடிகளில் ஒன்றின் மாறுவேஷமாக இருக்க நல்ல வாய்ப்பு. பதினேழு முயற்சி ஆறாகக் குறைந்துவிட்டது.

எனக்கு முதலில் கிடைத்தது சங்கு. கிடைத்த சந்தோஷத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டேன். மீதி மூன்று சொல்லும் கடலைப் பற்றித்தான் இருக்கும் என்று ஒரு மாலை முழுக்க ஊகித்துக்கொண்டிருந்தேன், தள்ளிப் பார்க்காமலே. மறுநாள் கணக்கு ஆசிரியர் சிரித்துக்கொண்டு, "மேடம், அது தண்டாகவும் இருக்கலாமே" என்றார். போட்டுப் பார்த்தேன். தண்டு வருகிறது. பந்தும் வருகிறது. கன்றும் வருகிறது! மீதி இரண்டு ஜோடிக்கு டஞ்சு, யம்பு என்று வரும். அவை சொல்லே இல்லை. ஆக ஒரே வல்ரு-வுக்குள் நாலு நல்ல சொற்கள். இதை அவர் திட்டமிட்டுத்தான் வைத்தார் என்று இப்போதும் சந்தேகப்படுகிறேன்.

அதனால் உங்கள் மகள் சங்கு என்று வந்து நின்றால் "தப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். "சரி" என்றும் சொல்லாதீர்கள். "அதே அளவு தள்ளினால் இரண்டாவது சொல் என்னவாக வருகிறது?" என்று கேளுங்கள். தள்ளிப் பார்க்கும்போது அது ள-விலோ ண-விலோ ற-விலோ தொடங்கினால் அந்த வழி அங்கேயே அடைத்துக்கொண்டது என்று பொருள். அடுத்த ஜோடிக்குப் போகலாம். இரண்டாவது சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை.

சில வீடுகளில் அக்கா, அண்ணன் குறுக்கே வந்து, அதிகம் வரும் எழுத்து எது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-கிந்தி எழுதி வைத்த முறை அது. ஆனால் அதற்குப் பக்கம் பக்கமாக எழுத்து வேண்டும். நாலு சொல்லில் எண்ணினால் ஏமாற்றிவிடும்.

துணி நாடா மாதிரி நீளமாக வெட்டிய காகிதம் நாலாவது உறை. ஒரு வரிசையாக எழுத்துகள் மட்டும். "இதை ஏன் இவ்வளவு நீளமாக வெட்டினார்கள்?" என்று கேட்டால் முதல் படி முடிந்தது. தேவையான பொருள் உறையில் இல்லை, பிள்ளையின் பையிலேயே இருக்கிறது என்பது இரண்டாம் படி. பண்டைய ஸ்பார்ட்டாவில் தளபதிகளிடம் ஒரே பருமனுள்ள கோல்கள் இருந்தன, நாடாவை அதில் சுற்றினால்தான் செய்தி படிக்க வரும் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். இந்தக் கதையை மூன்றாம் படியாகச் சொல்லலாம். உருண்டைப் பென்சில் உதவாது, ஆறு பட்டை வைத்தது வேண்டும். நாடா கிழிந்துபோனால் கவலை வேண்டாம். எழுத்துகளை வரிசைக்கு ஆறாக எழுதி மேலிருந்து கீழாகப் படித்தாலும் அதே செய்திதான்.

மாணவர் யாரும் ஐந்தாவது உறையின் தாளைத் தீயில் காட்ட வேண்டாம். இந்தக் கடிதத்தை இவ்வளவு அவசரமாக எழுதியதற்கு இதுவே காரணம். அது வெற்றுத் தாள். எலுமிச்சைச் சாற்றில் எழுதினால் சூட்டில் பழுப்பாகத் தெரியும் என்று பிள்ளைகள் எங்கேயோ படித்திருக்கிறார்கள். உண்மைதான், காகிதம் கருகுவதற்கு முன்னால் சாறு பட்ட இடம் கருகும். ஆனால் எங்கள் தாளில் சாறு இல்லை. சூடு வேண்டாம் என்றுதான் அந்த யோசனையை ஆரம்பத்திலேயே விட்டோம். இரண்டு தாள்கள் ஓரம் கருகித் திரும்பி வந்திருக்கின்றன. கேட்டால் அடுப்பு, மெழுகுவர்த்தி என்கிறார்கள். தயவுசெய்து இன்றைக்கே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். தாள் கெட்டுப்போயிருந்தால் வகுப்பாசிரியர் வேறு தருவார், திட்ட மாட்டார்.

அந்தத் தாளுக்குக் குறிப்பு ஒன்றே ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மை இல்லாத பேனாவும் காகிதத்தில் தடம் விடும். அப்புறம் என்ன செய்வது என்று, நாலாவது உறைக்கு எடுத்த அதே பென்சிலே சொல்லும். அழுத்தாமல், சாய்த்துப் பிடித்து.

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஐந்தையும் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றாவது உறையோடு நிற்கிற பிள்ளை இன்னும் ஒரு வாரம் அங்கேயே நிற்கட்டும். அலுவலகத்தில் இருப்பவர்களிடம் விடை கேட்டு அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவர்களுக்கும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: ஐந்து உறைகளையும் முடித்த பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். உறை ஒவ்வொன்றைப் பற்றியும் நான் பேச ஆரம்பிக்கும் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டால், அங்கே அவர்களுக்கு ஒரு சின்னக் கேள்வி வைத்திருக்கிறேன். முதல் உறையின் தந்திரம்தான், ஓரம் மட்டும் வேறு. பதிலை என் அறைக்கு வந்து நேரில் சொல்லட்டும்.