லெனேஷியாத் தோழிக்கு ஒரு கடிதம்

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்பது நிம்மதி. பேரன் தமிழ்ப் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறான் என்ற வரியை இன்னொரு முறை படித்தேன். இங்கே எல்லோரும் சுகம். புரட்டாசி பிறந்துவிட்டது, அடுப்பில் காய்கறி மட்டும்தான். கொல்லையில் விதை போடவும் இதுதான் நல்ல நேரம்.

தோட்டக்கலைப் பயிற்சியில் சேரட்டுமா, இந்த வயதில் வீடு வீடாகப் போய் ஊராருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் சேர்.

பயிற்சி பெற்றவர்கள் ஊராருக்குத் தொண்டாகத் தோட்ட யோசனை சொல்லும் இந்த ‘மாஸ்டர் கார்டனர்’ ஏற்பாடு அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 1973இல் தொடங்கியது. வீட்டுத் தோட்டக்காரர்களின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க அலுவலர்களால் (விவசாய யோசனை சொல்ல வைத்திருந்தவர்கள்) முடியவில்லை. அதனால் ஆர்வமுள்ளவர்களுக்குப் பாடம் நடத்தி, அதற்கு ஈடாக ஊருக்கு நேரம் கொடுங்கள் என்றார்கள். எங்கள் குழுவும் இதே வழியில்தான் நடக்கிறது. மண், உரம், தண்ணீர், பூச்சி, நோய் என்று பாடம் போகும். அதெல்லாம் உனக்குச் சுலபமாக வரும். வீட்டுக்காரர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் கேட்பதும், செடியைப் பார்க்காமல் மருந்து சொல்லாமல் இருப்பதும்தான் பழகவேண்டியவை.

ஒன்று சொல்கிறேன் கேள். குளிருக்கு முன்னால் ஒரு பெரியவர் கூப்பிட்டார், துணி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கத்ரா பீன்ஸ் (விதையைச் சமைக்கும் பீன்ஸ்) வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது, நோய் வந்துவிட்டது, எல்லாவற்றையும் பிடுங்கி எரிக்கப்போகிறேன் என்றார். கடையில் ஏதோ மருந்தும் விற்றிருந்தார்கள். ஒரு செடியை மட்டும் மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் வேரை அலசினேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைகள், வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் தேய்த்தால் உதிர்ந்தன. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அது நோயே இல்லை. காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியா குடியிருக்கும் இடம் அது. காய் பறித்த பிறகு செடியைத் தரையோடு அறுத்து எடுங்கள், வேர் மண்ணிலேயே மட்கட்டும் என்றேன்.

அடுத்த பாத்தியில் வெண்டை வாடி நின்றது. அதையும் பிடுங்கிப் பார்த்தோம். அங்கே வேரே வீங்கித் திரண்டிருந்தது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. அது நூற்புழு, வேருக்குள் புகுந்து வீங்கவைக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு. அந்த வேரைக் குப்பைக் குழியில் போடக் கூடாது, அந்தப் பாத்தியில் உடனே தக்காளியோ கத்தரியோ வைக்கவும் கூடாது. ஒரு பருவம் முழுக்கச் செண்டுமல்லியை நெருக்கமாகப் போட்டு, தொழுவுரம் நிறையச் சேர்க்கச் சொன்னேன். ஒரே கொல்லையில் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு முடிச்சு. ஒன்றைக் காப்பாற்ற வேண்டும், மற்றதை அகற்ற வேண்டும். போனிலேயே பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அந்தப் பெரியவருடைய தாத்தா ஒப்பந்தக் கூலிக் காலம் முடிந்து, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டவராம். நம் வீடுகளிலும் அதே கதைதானே? 1860இல் ட்ரூரோ கப்பலிலும் அதற்குப் பின்னாலும் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கென்று வந்தவர்களில் பலர் பிறகு தோட்டக்காரர்களானார்கள். டர்பன் வார்விக்கில் 1910இல் தொடங்கிய விடியற்காலைச் சந்தை அவர்கள் காய்கறியால் நிறைந்தது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டம் குடும்பங்களைப் பெயர்த்து இந்தச் சரிவுகளில் கொண்டுவந்து போட்டபோது நிலம் போனது, மண்ணைப் பார்க்கும் கண்ணும் மெல்ல மெல்லப் போனது. பேரப்பிள்ளைகளுக்கு முருங்கை தெரியும், கறிவேப்பிலை தெரியும், வேரைப் பார்க்கத் தெரியாது. எனக்கு இந்த வேலை இவ்வளவு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் இதுதான். எங்கள் வகுப்புக்கு வரும் ஜூலு அக்காமார் மதும்பே கிழங்கை (நம் சேப்பங்கிழங்கு) பற்றிப் பேசும்போது நான் மாணவி, அவர்கள் வாத்தியார்.

அப்புறம், உன் கொல்லைக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டாய். இங்கே குளிர்காலத்திலும் கோசும் கேரட்டும் போடுகிறோம். உங்கள் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் உறைபனி விழும், கோடையில் ஆலங்கட்டி மழை அடிக்கும். கணக்கே வேறு. முதலில் மண்ணைப் பார். ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு. நன்றாகக் குலுக்கி அசையாமல் வை. மணல் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும், வண்டல் சில மணி நேரத்தில், களி இறங்க ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். எது எத்தனை விரல் உயரம் என்று எழுது, அதைப் பார்த்துவிட்டு என்ன விதை அனுப்பலாம் என்று சொல்கிறேன். பயிற்சிக்கு மனு போடுவதை மட்டும் அதுவரை தள்ளிப்போடாதே.

அன்புடன்,
உன் தோழி