ராயபுரம் நிலையத்துக்கு ஐந்து நிமிடம் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார ரயிலில் ஏறி ஒரே நாளில் சென்னையின் பழைய நிலையங்களைச் சுற்றிப் பார்க்க வழி சொல்லும் கட்டுரை ஒன்று தங்கள் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்தது. எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் ஆளுக்கு அரைப் பக்கம் தந்த கட்டுரையாளர், ராயபுரத்தில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ஐந்து நிமிடம் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது என்பது தாங்கள் அறியாததல்ல. பம்பாயில் 1853-லும் ஹவுராவில் 1854-லும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டாலும், அங்கெல்லாம் முதலில் எழுப்பிய நிலையங்கள் இன்று இல்லாததால், நாட்டில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெருமை எங்கள் பேட்டைக்கு உரியது. சென்ட்ரல் வந்தது 1873-ல். எழும்பூர் நிலையம் அதற்கும் பின்னால், 1908-ல். சென்ட்ரல் வந்து அரை நூற்றாண்டு ஆகும்வரை, அதாவது 1922 வரை, ரயில்வேயின் தலைமையகம் ராயபுரத்தில்தான் இருந்தது. இவ்வளவும் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுமா?

இருபத்தெட்டு ஆண்டுகள் இந்த நிலையத்தில் ஏறி அம்பத்தூருக்கு வேலைக்குப் போனவன் நான். அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று அந்த முதல் ரயில் போன தடத்தில்தான் சீசன் டிக்கெட்டோடு தினமும் போய் வந்தேன். காசிமேட்டிலிருந்து மீன் கூடைகளோடு வரும் பெண்கள், ரயில் வரும்வரை கூடையை இறக்கிவைத்து, ஈரம் சொட்டும் சாக்கை உதறி மறுபடி மூடுவார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தந்தை, சிறுவனாக இருந்த என்னை முதன்முதலில் இங்கே அழைத்து வந்தபோது, ரயிலைக் காட்டுவதற்கு முன் அந்த உயர்ந்த தூண்களை எண்ணச் சொன்னார்; ஒவ்வொரு தூணையும் கையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். 2005-ல் கட்டடத்தைப் புதுப்பித்தபோது, வேலை முடிந்து இறங்கிய மாலைகளில் வீட்டுக்குப் போகாமல் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

தங்கள் நாளிதழில் இந்தக் குறை புதிதாக வந்ததும் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் சென்ட்ரலின் படத்தை வெளியிட்டு, தென்னகத்தின் முதல் ரயில் நிலையம் என்று அடியில் குறிப்பு எழுதியிருந்தீர்கள். அன்றே கடிதம் எழுதினேன். திருத்தமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. அடுத்த மாதம் என் பேத்தியின் பள்ளியில் நடந்த பொது அறிவுத் தேர்வில் தென்னகத்தின் முதல் ரயில் நிலையம் எது என்ற கேள்வி வந்தது. ராயபுரம் என்று அவள் எழுதிய சரியான விடையைச் சிவப்பு மையால் அடித்து, மேலே சென்ட்ரல் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். நேரில் போய்க் கேட்டபோது, அந்த ஆசிரியை எனக்குக் காட்டியது தங்கள் நாளிதழிலிருந்து வெட்டி வைத்திருந்த அந்தப் படத்தைத்தான். நாற்பது ஆண்டுகளாக வாங்கிப் படிக்கும் நாளிதழ் எனக்கு எதிரான சாட்சியாக அந்த மேசைமேல் கிடந்ததைப் பார்த்து, மறுபேச்சு பேசாமல் திரும்பி வந்தேன்.

வடசென்னை என்றால் வெள்ளமும் வெட்டுக்குத்தும்தான் தங்கள் பக்கங்களில் இடம் பிடிக்கின்றன. ஊரைச் சுற்றிக்காட்டும் கட்டுரைகள் மயிலாப்பூரில் தொடங்கி மெரினாவில் முடிந்துவிடுகின்றன. கப்பல் சரக்கு இறங்கிய கடற்கரையும், அதை நம்பிய வணிகர்களின் கிடங்குகளும் பக்கத்தில் இருந்ததால்தான் முதல் நிலையம் எங்கள் பக்கம் அமைந்தது. நகரத்துக்குச் சோறு போட்ட பகுதி இது, ஐயா. அதைப் பார்க்க ஒன்றுமில்லை என்று எழுதும்போது, இங்கே வாழ்கிறவர்களும் அதைப் படிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. அந்தப் படக் குறிப்புக்கு இப்போதாவது இரண்டு வரியில் திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரையாளரை ஒருநாள் காலையில் இங்கே அனுப்பி வையுங்கள். கடற்கரை நிலையத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தம்தான். தூண்களை நானே அழைத்துப் போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ராயபுரம், சென்னை.