ஒரு திருகு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற வார வாகனப் பக்கத்தில் வாசகர் ஒருவர் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். தம் பழைய மோட்டார் சைக்கிளில் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, பெட்டியில்லாத கூம்பு வடிவக் கோன் ஃபில்டர் மாட்டினாராம். அன்றிலிருந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்ஸரில் வெடிச் சத்தம் கேட்கிறதாம். 'ஏர் ஸ்க்ரூவைச் சற்றுத் திருகினால் சரியாகிவிடும்' என்று ஒரே வரியில் பதில் தந்திருந்தீர்கள். நான் வத்தலக்குண்டில் முப்பத்திரண்டு ஆண்டுகளாக இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருப்பவன். அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து மனம் அடங்கவில்லை.

பதில் பொய் என்று சொல்ல மாட்டேன். ஏர் ஸ்க்ரூ என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில் உள்ள சிறு திருகு. திருகைச் சரிசெய்தால் சத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். எனக்குப் பயமே அங்கேதான். பெட்ரோல் போதவில்லை என்று வண்டி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வாயையும் அடைத்துவிட்டு, மற்ற வேகங்களிலெல்லாம் அதைப் பட்டினி போட்டு ஓட்டப் போகிறார் உங்கள் வாசகர்.

அந்தத் திருகின் அதிகாரம், வண்டி நின்ற இடத்தில் உறுமுவதிலிருந்து ஆக்ஸிலேட்டரை அரைக்கால் பங்கு திருப்பும் வரைதான். கால் பங்கிலிருந்து முக்கால் வரை, ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்கும் ஊசி பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் மெயின் ஜெட், அதாவது பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டு. பெட்டியைக் கழற்றியதும் காற்று தாராளமாக வருகிறது. ஜெட்டின் துளையோ பழைய அளவிலேயே இருக்கிறது. இன்னொன்று: கார்புரேட்டரில் திருகு ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருகும்போது பெட்ரோல் கூடும், இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பும்போதுதான் கூடும். எந்தப் பக்கம் என்று சொல்லாமல் 'சற்றுத் திருகவும்' என்றால் பாதிப் பேர் தலைகீழாகத் திருகுவார்கள்.

சென்ற ஐப்பசியில் ஒரு சரக்கு ஆட்டோவில் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று வந்து இறங்கியது. 1996-இலேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. இளைஞர்களுக்கு அதன்மேல் இருக்கும் பித்து மட்டும் நிற்கவில்லை. கொண்டுவந்த தம்பி கொடைக்கானலில் ஓட்டலில் வேலை பார்ப்பவர். அப்பா ஓட்டிய வண்டியாம். கோன் ஃபில்டரை வரவழைத்து, மலையிலேயே மாட்டி, திருகையும் அங்கேயே சரிபார்த்திருக்கிறார். "அண்ணே, மேலே சிங்கம் மாதிரி ஓடியது. அடிவாரத்துக் காட்ரோட்டில் இறங்கி எண்பதில் பிடித்தேன். திடீரென்று பின்சக்கரம் பூட்டிக்கொண்டது" என்றார். கிளட்ச்சைப் பிடித்ததால் கை கால் தப்பியது.

சிலிண்டரைக் கழற்றினேன். பிஸ்டனில் சைலன்ஸரைப் பார்த்த பக்கம் முழுக்க நகத்தால் பிறாண்டியதுபோல் கோடுகள். அலுமினியம் இளகிச் சிலிண்டர் சுவரில் ஈயம் பூசியதுபோல் ஒட்டியிருந்தது. பிளக் முனை சுண்ணாம்பு வெள்ளை.

கொடைக்கானல் ஏறத்தாழ ஏழாயிரம் அடி. எங்கள் ஊரோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்த இடத்தில் பழைய ஜெட் கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் கொடுத்துக்கொண்டிருந்தது. கோன் ஃபில்டர் காற்றைக் கூட்டியதும் கணக்கு நேராகிவிட்டது. தம்பிக்கு அதனால்தான் சிங்கம். கீழே இறங்கியதும் காற்று கனத்தது, ஜெட் அதேதான். பெட்ரோல் குறைந்த கலவை சூட்டைக் கூட்டும். முழு ஆக்ஸிலேட்டரில் டூ ஸ்ட்ரோக் வண்டி அதை அதிக நேரம் தாங்காது.

சிலிண்டரைக் கடைந்து (ரீபோர்) சற்றுப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி மாட்டினேன். கிளிப் இறங்கினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். வண்டியை மெதுவாகப் பழக்கிய பிறகு மெயின் ஜெட்டைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தோம். ஆக்ஸிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்வேன். இல்லாவிட்டால் எந்த இடத்தில் வண்டி திணறுகிறது என்று ஓட்டுபவருக்கே தெரியாது. பிறகு புது பிளக். ஆளில்லாத நேரான சாலையில் முழு ஆக்ஸிலேட்டரில் கொஞ்ச தூரம். கிளட்ச்சைப் பிடித்த கையோடு சாவியை அணைத்து, ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வறுத்த கொத்தமல்லி நிறம் வந்தால் சரி. கரிச்சட்டியின் அடிபோல் இருந்தால் பெட்ரோல் அதிகம். மூன்றாவது ஜெட்டில்தான் மல்லி நிறம் வந்தது. ஜெட் வாங்கச் சோம்பல்பட்டுப் பழைய துளையில் கம்பி விட்டுக் குடைகிறவர்களும் எங்கள் தொழிலில் உண்டு. அவர்களைப் பற்றி எழுதினால் நீங்கள் அச்சிட மாட்டீர்கள்.

"மலைக்கு ஒரு ஜெட், கீழே ஒரு ஜெட்டா அண்ணே?" என்று கேட்டார். கீழே சரியாக இருக்கும் ஜெட்டையே வைத்துக்கொள், மேலே கொஞ்சம் கரி பிடித்தால் பிளக்கைத் துடைத்துப் போட்டுக்கொள் என்றேன். என்னைக் கேட்டால் பெட்டியைக் கழற்றியிருக்கவே வேண்டாம். வடிவமைத்தவன் இடத்தை அடைக்கவா அதை வைத்தான்?

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும்; அதே ஜெட்டில் காற்று மிஞ்சிப்போகும். ஆகவே பழைய கார்புரேட்டர் வண்டிகள், ஒன்றையும் மாற்றாமலே, முன்பைவிட வறண்ட, அதாவது பெட்ரோல் குறைந்த கலவையில்தான் ஓடுகின்றன. புகைச் சான்றிதழ் வாங்கினோமே என்று தேறுதல் அடையவும் முடியாது; அந்தச் சோதனை வண்டியை நிறுத்திவைத்து, ஆக்ஸிலேட்டரைத் திருப்பாமல் ஐடிலிங்கில் பார்ப்பது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 (புதிய புகை விதி) வண்டிகளில் ஆக்ஸிஜன் சென்சார் புகையைப் பார்த்துக் கலவையைச் சரிசெய்துகொள்ளும், அதுவும் ஓர் அளவுக்குத்தான்.

கோன் ஃபில்டர் விற்கிறவர்கள் அட்டைப்பெட்டியில் ஜெட்டையும் மாற்ற வேண்டும் என்று இரண்டு வரி தமிழில் அச்சிடலாம். அது நடக்கும்போது நடக்கட்டும். சந்தேகம் கேட்ட வாசகருக்கு மட்டும் அடுத்த வாரமே தயவுசெய்து எழுதுங்கள்: ஜெட் மாற்றும் வரை அரை ஆக்ஸிலேட்டரைத் தாண்ட வேண்டாம்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர்,
வத்தலக்குண்டு.