கெட்டுப்போன வாசனை பாட்டில், ஆறு வார அலைச்சல்: புகார்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
14 மார்ச்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்கும் மின்னஞ்சல். நான்குக்கும் எழுத்து மாறாமல் ஒரே பதில்தான் வந்தது. அதனால் இதை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஜொகன்னஸ்பர்கில் உள்ள உங்கள் தலைமை அலுவலகத்துக்கே அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

ஜனவரி கடைசியில் உங்கள் இணையக் கடையில் அந்தப் புகைமர வாசனை சென்டை வாங்கினேன். ஆண், பெண் இருவரும் போடுவது, கறுப்பு மர மூடி, 100 மில்லி, 3,450 ரேண்ட். எது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் 25-ஆவது கல்யாண நாளுக்காக வாங்கியது. என் கணவர் ஆயுசுக்கும் சென்ட் போட்டவர் இல்லை. டிசம்பரில் அம்லாங்காவில் உங்கள் கடையில் சாம்பிள் போட்டுவிட்டார்கள். முதலில் ஆரஞ்சுத் தோலும் பெர்கமாட் எலுமிச்சையும் சுள்ளென்று வந்தன. அப்புறம் ஏலக்காய், மிளகு. வீடு திரும்பும் வழியில் காருக்குள் மரப்புகை மெல்ல எழுந்தது. என் மணிக்கட்டை முகர்ந்து பார்த்தவர், "டோங்காட்டில் கரும்பு கொளுத்துற சாயங்காலம் மாதிரி இருக்கு" என்றார். அவர் பிறந்து வளர்ந்த ஊர் அது. நாம் இரண்டு பேரும் இதையே போடலாம் என்று அவர் வாயால் சொன்னதால்தான் அவ்வளவு பணம் கொடுத்தேன்.

வந்த பாட்டிலில் அது இல்லை. அடித்தவுடன் காடி மாதிரி புளித்த நெடி. ஆரஞ்சு, எலுமிச்சை எதுவும் இல்லை. கடைசியில் வரும் புகை, ரப்பர் எரிந்தது போல. கடையில் பார்த்தது தேன் நிறம், இது கறுப்புத் தேநீர் நிறம். கழுத்தில் கசிந்து பெட்டியின் உள்பக்கம் கறை பிடித்திருந்தது. எலுமிச்சை வகை எண்ணெய்கள்தான் சூட்டிலும் காற்றிலும் முதலில் கெடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதா? டர்பன் கோடை வெயிலில் எந்தக் கிடங்கில், எந்த வண்டியில் கிடந்ததோ. இன்னொன்று: பாட்டிலின் அடியில் ஒரு தயாரிப்புத் தொகுதி எண், அட்டைப் பெட்டியில் வேறொரு எண். படங்களை முதல் மின்னஞ்சலிலேயே அனுப்பினேன்.

தொலைபேசியில் கேட்டால் கடைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பள்ளியில் விடுப்புப் போட்டு, போக வர 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனேன். இணையத்தில் வாங்கியதைத் தொட மாட்டோம் என்றார்கள். சரி, மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள் என்றேன். அந்த அம்மாள் பாட்டிலைத் திறக்கக்கூட இல்லை. "உங்க வீட்ல எப்பவும் கறி மசாலா வாசம் இருக்கும், அதுல உங்களுக்கு இது தெரிஞ்சிருக்காது" என்று ஆங்கிலத்தில், மற்ற வாடிக்கையாளர்கள் எதிரில் சொன்னார்.

இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. 1973-இல் தீப்பிடித்து எரிந்த விக்டோரியா தெரு பழைய மார்க்கெட்டில் என் தாத்தா மசாலாக் கடை வைத்திருந்தவர். கண்ணை மூடிக்கொண்டு பட்டையில் எது அசல், எது மட்டம், ஏலக்காய் இந்த வருஷத்ததா போன வருஷத்ததா என்று சொல்லும்படி எங்களைப் பழக்கினார். மூக்கை நம்பிப் பிழைத்த குடும்பம் நாங்கள். ஏலக்காயும் மிளகும் போட்ட வாசனையை எங்களுக்கே விற்றுவிட்டு, மசாலா வீட்டுக்காரிக்கு வாசம் தெரியாது என்று சொல்ல உங்கள் ஊழியருக்கு எப்படி வாய் வந்தது?

கடைக்குப் போனதற்கு முன்போ பின்போ, நாள் நினைவில்லை, என் செலவில் கூரியரில் திருப்பி அனுப்பச் சொன்ன உங்கள் அந்த ஒரே பதிலின்படி செய்யப் போனேன். கூரியர் கவுன்டரில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். சென்ட் என்றதும் கையைத் தள்ளிவிட்டார்கள். ஆல்கஹால், தீப்பிடிக்கும் பொருள், அபாயச் சரக்கு என்று தனி அறிவிப்புத்தாள் வேண்டுமாம். தினமும் இதையே அனுப்பும் உங்களுக்கு இது தெரியாதா? அன்று இன்னொரு அரைநாள் போனது. கல்யாண நாளும் போனது. அந்த நாளையே நீங்கள் நாசமாக்கிவிட்டீர்கள். அதற்கு எந்தப் பணமும் ஈடாகாது. பெட்ரோல், விடுப்பு, மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் 10,000 ரேண்டுக்குக் குறையாது.

நான் சண்டைக்காரி இல்லை. உங்கள் வாசனை எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும். ஆனால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று படித்துவிட்டேன். குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம். திருப்பும் செலவும் பொறுப்பும் விற்றவருடையது. சரிசெய்வதா, மாற்றுவதா, பணமா என்று தீர்மானிப்பது வாங்கியவர். நான் தீர்மானித்துவிட்டேன்: நல்ல பாட்டில் ஒன்று, பாட்டிலிலும் பெட்டியிலும் ஒரே எண்ணோடு. அது இல்லையென்றால் முழுப் பணம். எதுவானாலும் அந்த மேற்பார்வையாளரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு.

மார்ச் 31-க்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் போவேன். அங்கும் முடியாவிட்டால் சிறுவழக்கு நீதிமன்றம். 20,000 ரேண்ட் வரை அங்கே கேட்கலாம், வக்கீலும் வேண்டாம். கறி வாசம் என்று சொன்னதை அங்கே, அதே சொற்களில், விசாரிக்கும் ஆணையர் முன் சொல்வேன். அவ்வளவு தூரம் போக வைக்காதீர்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பாட்டில் பெட்டியோடு என் அலமாரியில் இருக்கிறது. இரண்டு முறை அடித்ததற்கு மேல் தொடவில்லை. பள்ளி நாட்களில் மூன்றரை மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்