உனக்குப் ‘போ’, தங்கச்சிக்கு ‘இரு’

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இவ்வளவு நீளமாக நீ எழுதி ரொம்ப நாளாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது கேட்டு சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். எனக்குக் கண்ணாடி பவரை மறுபடியும் ஏற்றிவிட்டார்கள். அதனால் பழைய சின்ன எழுத்து வேதாகமத்தை விட்டுப் பெரிய எழுத்துக்கு மாறியிருக்கிறேன். பழையதில் எந்த வசனம் எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் என்று கைக்கே தெரியும். இதில் தேட வேண்டியிருக்கிறது. மகள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்காக ஜெபித்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெளியூர் வேலைக்குப் போகலாமா என்று ஜெபித்துவிட்டு வேதத்தைத் திறந்தாய். ஆதியாகமம் 12 வந்தது. “உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டுப் புறப்பட்டு” என்ற வசனம். மறுநாள் காலையில் உன் மனைவிக்கு, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளுக்கு, தியானத்தில் வந்தது 1 கொரிந்தியர் 7:20, “அவனவன் தான் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கக்கடவன்.” கோபித்துக்கொள்ளாதே, இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே வீட்டில் புருஷனிடம் ‘போ’ என்றும் மனைவியிடம் ‘இரு’ என்றும் சொல்லிவிட்டு வேடிக்கை பார்க்கிறவரா கர்த்தர்?

யாருக்கு வந்த வசனத்தை நம்புவது என்று கேட்டிருக்கிறாய். இரண்டையும் நம்பு. ஆனால் இரண்டுமே உன் வேலையைப் பற்றிச் சொன்னவை இல்லை. ஆபிரகாமைப் புறப்படச் சொன்னவர், அவனுக்குள் பூமியின் வம்சங்களெல்லாம் ஆசீர்வதிக்கப்படும் என்ற வாக்கோடு அனுப்பினார். அது ஒரு தடவை நடந்த அழைப்பு. பவுலோ கொரிந்து சபையில் விருத்தசேதனம் உள்ளவனும் இல்லாதவனும், அடிமையும் சுயாதீனனும் கிறிஸ்துவுக்குள் வந்தபிறகு தன் நிலைமையைக் குறித்துக் கலங்க வேண்டாம் என்று எழுதுகிறார். தங்கச்சியிடம் அடுத்த வசனத்தையும் வாசிக்கச் சொல். “நீ சுயாதீனனாகக்கூடுமானால் அதை நாடிக்கொள்” என்று இருக்கும். ‘நிலைத்திரு’ என்று சொன்ன அதே மூச்சில், மாற வழி கிடைத்தால் மாறிக்கொள் என்கிறார்.

நீ உடனே பழைய சபைப் பிதாவான அகுஸ்தீனைக் கொண்டுவருவாய், தெரியும். 386ஆம் ஆண்டு, மிலான் நகரத்தில் ஒரு தோட்டம், ‘எடுத்து வாசி’ என்று ஒரு குழந்தைக் குரல், கையில் பவுலின் நிருபங்கள், கண்ணில் பட்ட பகுதி ரோமர் 13:13, 14. அதோடு அவருடைய வாழ்க்கையே திரும்பியது. ஆனால் அந்தப் பகுதி அவருக்கு என்ன சொன்னது என்று பார். களியாட்டையும் வேசித்தனத்தையும் விட்டுக் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவைத் தரித்துக்கொள் என்றது. ரோமாபுரி விசுவாசிகளுக்கு என்ன அர்த்தமோ, அகுஸ்தீனுக்கும் அதே அர்த்தம்தான். எந்த ஊருக்குப் போவது, எந்த வேலையை எடுப்பது என்று அதிலிருந்து அவர் எதையும் பிழிந்தெடுக்கவில்லை. பிற்காலத்தில் அவரே ஒரு கடிதத்தில், சுவிசேஷப் பக்கங்களைத் திறந்து சீட்டுப் பார்ப்பதுபோல் குறி பார்க்கிற பழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பேய்களிடம் போய்க் கேட்பதைவிட இது பரவாயில்லையாம். ஆனாலும் உலகக் காரியங்களுக்கும் இந்த வாழ்வின் வீண் விஷயங்களுக்கும் தேவ வசனத்தை இப்படித் திருப்புவது தனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். தோட்டத்தில் அந்த அனுபவம் கிடைத்த ஆள் சொல்வதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

உங்கள் வீட்டுச் சுவரில் எரேமியா 29:11 மாட்டியிருப்பதும் ஞாபகம் வருகிறது. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” எனக்கும் பிடித்த வசனம்தான். ஆனால் அதை ஒரு வரியாகவே வாசித்து வாசித்து, அது ஒரு கடிதத்தில் வருகிற வரி என்பதையே நாம் மறந்துவிட்டோம். எருசலேமிலிருந்து எரேமியா எழுதி, எலெயாசா, கெமரியா என்ற இரண்டு பேர் கையில் பாபிலோனுக்குக் கொடுத்தனுப்பிய கடிதம் அது. யூதாவின் ராஜாவான எகொனியாவோடு அங்கே சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதியது.

அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால்தான் அந்த வரியின் எடை தெரியும். கிபியோன் ஊரானான அனனியா ஆலயத்தில், ஆசாரியர்கள் முன்பாக, எல்லா ஜனங்களும் பார்க்க எழுந்து நின்று, இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். ஆலயப் பாத்திரங்கள் திரும்பி வரும், ராஜா திரும்பி வருவான், சிறைப்பட்டவர்களும் வருவார்கள், கர்த்தர் சொல்லுகிறார் என்கிறான். எரேமியா சொன்ன முதல் பதில் என்ன தெரியுமா? “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக.” அவருக்கும் அது நடந்தால் நல்லதுதான். அந்த ஆமெனைத் தாண்டித்தான், சமாதானம் சொல்லுகிற தீர்க்கதரிசியைக் கர்த்தர் அனுப்பினாரா என்பது அந்த வார்த்தை நிறைவேறும்போதுதான் தெரியும் என்று சொல்கிறார். அனனியா விடவில்லை. பாபிலோனுக்குப் பணிந்திருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மரநுகத்தைப் பிடுங்கி, எல்லோர் முன்னாலும் உடைத்துப் போட்டான். கூட்டம் யார் பக்கம் இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எரேமியா பேசாமல் தன் வழியே போய்விட்டார். பிற்பாடு கர்த்தருடைய வார்த்தை வந்தது, மரநுகத்துக்குப் பதிலாக இருப்பு நுகம் என்று. ஐந்தாம் மாதத்தில் பேசிய அனனியா ஏழாம் மாதத்தில் செத்துப்போனான்.

இப்போது 29ஆம் அதிகாரத்துக்கு வா. இரண்டு வருஷம் என்று கேட்கக் காத்திருக்கிறவர்களுக்கு எழுபது வருஷம் என்று கடிதம் வருகிறது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த அந்தப் பட்டணத்துக்காகவே விண்ணப்பம் பண்ணுங்கள். எழுபது நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்பது 10ஆம் வசனம். அதற்கு அப்புறம்தான் நம்முடைய 11 வருகிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. வாக்கு உண்மைதான், ஆனால் அது கைக்கு வந்தது பேரப்பிள்ளைகள் காலத்தில்.

வேதத்தை நம்புகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த நம்பிக்கையைச் சொல்கிறார் என்று இப்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி வருகிறது. அனனியாவும் கர்த்தரின் பெயரில்தான் பேசினான். அவனைக் கேட்டவர்களும் தேவ வார்த்தையை நம்புவதாகத்தான் நினைத்திருப்பார்கள். பதினோராம் வசனத்தைப் பிடித்துக்கொண்டு பத்தாம் வசனத்தை விட்டுவிடுகிறவன், எரேமியாவின் வார்த்தையை வைத்துக்கொண்டு அனனியாவின் செய்தியைக் கேட்கிறான். இதை உன்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த அதிகாரங்களை, 26லிருந்து 29 வரை, தங்கச்சியோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதிகார எண்கள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கிற வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டவை. தேடி எடுக்க உபகாரமான எண்கள்தான். ஆனால் அவை இருப்பதாலேயே வேதத்தைத் துண்டு துண்டாக நறுக்கிச் சாப்பிடப் பழகிவிட்டோம்.

அப்படியானால் உன் வேலையைப் பற்றி வேதம் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்பாய். நிறையவே சொல்கிறது, நீ தேடாத இடத்தில். உன் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய், அம்மா எங்களோடு வர மாட்டேன் என்கிறார்கள், ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும் என்று. எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். தன் வீட்டாரை விசாரியாதவன் “அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்” என்று 1 தீமோத்தேயு 5இல் பவுல் எழுதுகிறார். அதுவும் விதவைகளைப் பராமரிப்பதைப் பற்றிப் பேசும்போது. மாற்கு 7ஐயும் பார். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொள்கிறார்! பக்தியான வார்த்தையைச் சொல்லிவிட்டு அம்மாவைக் கைவிட முடியாது. இந்த வசனங்களுக்கு உன் வீட்டில் ஆதியாகமம் 12ஐவிடத் தெளிவான வேலை இருக்கிறது. சம்பளம் ஒன்றரை மடங்கு என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். பொருளாசையைப் பற்றிய லூக்கா 12:15ஐ நான் எடுத்து எழுத மாட்டேன், நீயே பார்த்துக்கொள்.

அம்மாவுக்குச் சரியான ஏற்பாடு ஆகி, அவர்களுக்கும் சம்மதமாகி, கடனும் ஆசையும் உன்னைத் தள்ளவில்லை என்றும் ஆகிவிட்டால்? அப்போது போனாலும் சரி, இருந்தாலும் சரி என்றுதான் நினைக்கிறேன். கதவு திறந்திருக்கிறதே, அது தேவ சித்தம் இல்லையா என்று உங்கள் போதகர் கேட்டதாக எழுதியிருக்கிறாய். 2 கொரிந்தியர் 2இல் பவுல் துரோவா பட்டணத்துக்கு வந்தபோது கர்த்தராலேயே கதவு திறந்திருந்தது என்கிறார். ஆனாலும் தன் உடன் ஊழியனான தீத்துவை அங்கே காணாததால் மனம் அமைதியில்லாமல், விடைபெற்று மக்கெதோனியாவுக்குப் போய்விட்டார். திறந்த கதவை விட்டுப் போன அப்போஸ்தலனை வேதம் திட்டவில்லை. கொரிந்துக்கு எப்போது வருவேன், எவ்வளவு நாள் தங்குவேன் என்று எழுதும்போதும், ஒருவேளை குளிர்காலத்தை உங்களோடு கழித்தாலும் கழிப்பேன், “கர்த்தர் உத்தரவுகொடுத்தால்” என்று சாதாரணமாகத் திட்டம் போடுகிறார். ஒவ்வொரு பயணத்துக்கும் அவருக்குத் தரிசனம் வரவில்லை. உனக்கும் எனக்கும் வர வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும் என்று யாக்கோபு எழுதுவது, யோசித்து முடிவெடுக்கிற ஆட்களுக்குத்தான்.

அப்புறம், உன் மகன் கேட்டது. இத்தனை நூற்றாண்டாகக் கையால் எழுதி எழுதி வந்த புத்தகத்தை எப்படி நம்புவது என்கிறானாமே. நல்ல கேள்வி, அவனை அதட்டாதே. 1947இல் சவக்கடல் பக்கம் கும்ரான் குகையில் கிடைத்த சுருள்களைப் பற்றிச் சொல். அதில் ஏசாயா புத்தகம் ஏறக்குறைய முழுதாக, ஏழு மீட்டருக்கும் மேல் நீளத்தில் ஒரே சுருளாகக் கிடைத்தது. அதற்கு முன் நம்மிடம் இருந்த எபிரெய ஏசாயா பிரதிகளைவிட அது சுமார் ஆயிரம் வருஷம் பழையது. ஒப்பிட்டுப் பார்த்ததில் எழுத்துக்கூட்டலில் நிறைய வித்தியாசம், அங்கங்கே வார்த்தைகளிலும் வித்தியாசம். ஆனால் புத்தகம் அதே புத்தகம். மாற்கு 16இன் கடைசிப் பன்னிரண்டு வசனங்களும், யோவான் 8இல் விபசார ஸ்திரீயின் சம்பவமும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல். பல பதிப்புகளில் அடிக்குறிப்பாகவே அச்சிட்டிருக்கிறார்கள். அவன் பிறகு எங்காவது படித்துவிட்டு, ‘அப்பா இதைச் சொல்லவில்லையே’ என்று நினைப்பதைவிட அது நல்லது. ஒன்று மட்டும்: பிரதி சரியாக வந்திருக்கிறது என்பதைச் சுருள் காட்டும், அது தேவனுடைய வார்த்தை என்பதை எந்தச் சுருளும் நிரூபிக்காது. அது வாசித்து, கீழ்ப்படிந்து தெரிந்துகொள்ள வேண்டியது. முதலில் மாற்கு சுவிசேஷத்தை ஒரே உட்காரலில் வாசிக்கச் சொல், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அதன்பிறகு அவன் கேட்கும் கேள்விகள் வேறுமாதிரி இருக்கும்.

மாதக் கடைசிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாயே. அதற்குள் அம்மாவிடம் நீயே உட்கார்ந்து பேசு, தங்கச்சி மூலமாகச் சொல்லி அனுப்பாதே. பேசிய பிறகு எனக்கு எழுது, இல்லாவிட்டால் ஞாயிறு ஆராதனை முடிந்து சாயங்காலம் போன் பண்ணு, நான் வீட்டில்தான் இருப்பேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம்.

உன் பழைய சிநேகிதன்