போனை மட்டும் திட்டுனா போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல பெட்ரோல் பங்க்ல செல்போன் பேசாதீங்கன்னு ஒரு துணுக்கு போட்டிருந்தீங்க. பேசவேண்டாம் சரி, ஆனா அந்த போர்டுக்குக் கீழயே க்யூஆர் கோட ஒட்டி வச்சு 'ஸ்கேன் பண்ணுங்க சார்'னு நம்மளயே போன எடுக்க வைக்கிறாங்களே, அத எங்க போய் சொல்றது. அமெரிக்காவுல பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிட்யூட்னு ஒண்ணு பங்க் தீ கேஸையெல்லாம் சேத்துப் பாத்துச்சு, அதுல செல்போனாலதான்னு ஒண்ணு கூட உறுதியாகல, நிறைய கேஸ்ல ஸ்டாட்டிக் கரண்ட்தான். அங்க பெரும்பாலும் அவங்களே பெட்ரோல் போட்டுக்கணும், நாசில, அதான் பெட்ரோல் ஊத்துற குழாய் முனைய, டேங்க்ல மாட்டிட்டு சீட்ல போய் உக்காந்துட்டு திரும்பி வந்து நாசில தொடுவாங்க, சுருக்குன்னு ஒரு பொறி, முடிஞ்சது கதை. பிளாஸ்டிக் சேர்ல இருந்து எந்திரிச்சு இரும்பு கேட்ட தொட்டா நமக்கு அடிக்குமே, அதே சுருக்குதான்.

நம்மூர்ல பங்க் பையன் போடுறதால அந்த வம்பு கம்மி. நம்ம வம்பு வேற. போன மாசம் கரூர் பக்கம் ஒரு பங்க்ல ஃபுல் டேங்க் சொன்னேன், 2260 ரூபாய்ல டொக்னு கட் ஆயிருச்சு. 'ரவுண்டா 2300 போட்டுறட்டுமா சார்'னான். நான் வாய தொறக்கறதுக்குள்ள மறுபடி அமுக்கிட்டான், மூடி வழியா பெட்ரோல் பொங்கி பின் டயர் வரைக்கும் வழிஞ்சிருச்சு. பின்னாடி ஒருத்தர் எஞ்சின ஆஃப் பண்ணாம பைக்க டுபுடுபுன்னு உருட்டிக்கிட்டு அந்த ஈரத்துக்கு ஒரு முழம் வரைக்கும் வந்துட்டார். எனக்கு வயித்த கலக்கிருச்சு. மணல் வாளி அங்கதான் இருந்துச்சு, உள்ள பாத்தா பாதி பான்பராக் கவர்.

நாசில் நுனியில ஒரு சின்ன ஓட்ட இருக்கு, பெட்ரோல் மேல வந்து அத அடைச்சா தானா கட் ஆகும், அதுக்கு மேல டேங்க்ல இடமில்லன்னு அர்த்தம். 40 ரூபா ரவுண்டுக்காக அத ஏமாத்துறோம். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலயே பத்திக்கிற அளவுக்கு ஆவி விடும், அந்த ஆவி காத்த விட கனம், மேல போகாம தரையோட தரையா ஊர்ந்து போகும், பைக் சைலன்சர் இருக்கற உயரத்துலதான். கரூர் வெயில்ல கேக்கவா வேணும்.

இன்னொண்ணு, நாசில் உள்ள இருக்கும்போது தீ பிடிச்சா பதறிப்போய் வெளிய உருவுறாங்க, அப்பதான் பெட்ரோல் நாலு பக்கமும் தெறிச்சு பெருசாகுது. நாசில அப்படியே விட்டுட்டு விலகி ஓடி பம்ப் சுவிட்ச ஆஃப் பண்ணச் சொல்லிக் கத்தணும். பவர் டில்லருக்கு கேன்ல வாங்குறவங்களும் கேன வண்டி மேல வச்சுப் பிடிக்காம தரையில வச்சுப் பிடிங்க, பிளாஸ்டிக் கேன் வேண்டவே வேண்டாம்.

அடுத்த தடவ துணுக்கு போடும்போது இதையும் சேத்துப் போடுங்க சார். நான் இப்பல்லாம் காரை நிறுத்துனதுமே 'தம்பி கட் ஆனா விட்ரு'ன்னு சொல்லிடுறேன், பசங்க ஒரு மாதிரியாத்தான் பாக்குறாங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய மாருதிக்காரன், கரூர்